மேயரின் அங்கியும் பணப்பெட்டியின் திறவுகோலும்



திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் உள்ள ராதாபுரம் வட்டாரத்தில் பிறந்தவன் நான். அவ்வட்டாரத்துப் பள்ளிகளிலேயே வரலாறு கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் மேயர் இல்லை; ஊராட்சித் தலைவர் உண்டு, ஊராட்சி ஒன்றியம் உண்டு, அவ்வளவே. அப்படியிருக்க, பெருநகர மேயர்களின் வரவு செலவுப் போராட்டங்களைப் பற்றிப் பேச இவர் எதற்காக வந்தார் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடையாக முதலில் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டு. பள்ளியில் ஏறத்தாழ முந்நூறு பிள்ளைகள். குடிதண்ணீர்த் தொட்டி விரிசல் கண்டு பாழாகிக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் பனையும் உடைமரமும் தாமாகவே வளரும். தண்ணீர் மட்டும் தானாகக் கிடைக்காது. "தாமிரபரணிக் கரைக்காரனுக்குத் தண்ணீர் என்றால் ஆறு, நமக்குத் தண்ணீர் என்றால் கணக்கு" என்று என் தந்தையார் சொல்லுவார். புதிய தொட்டி வேண்டி, அதற்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு மனு எழுதினேன், நேரிலும் சென்றேன். அங்கிருந்தவர் கெட்டவர் அல்லர். மனுவைப் பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டு, "ஐயா, நீங்கள் கேட்பது நியாயந்தான். ஆனால் இந்த ஆண்டுக் கணக்கில் இதற்குத் தலைப்பு இல்லையே!" என்றார். பணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. மனம் இல்லை என்றும் சொல்லவில்லை. தலைப்பு இல்லை என்றார்.

அந்த ஓராண்டும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே தண்ணீர் சுமந்து வந்தார்கள். பிற்பகலில் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்ததும் சில சிறுமியர் வீட்டுக்குப் போவார்கள், திரும்பி வரமாட்டார்கள். மறு ஆண்டு மதிப்பீட்டில் ஒரே ஒரு வரி சேர்க்கப்பட்டது, தொட்டியும் வந்தது. பிறகுதான் என் பிழையை உணர்ந்தேன். மதிப்பீடு தயாராகும் மாதங்களில் நான் கேட்கவில்லை. அது முடிந்து கையெழுத்தான பிறகு கேட்டேன். முந்நூறு ஆண்டு வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு, பன்னிரண்டு மாதக் கணக்கு ஒன்று எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது தெரியாமற்போயிற்று.

அன்று நான் ஒரு தொட்டியில் கற்ற பாடத்தை, சென்னை மாநகரத்துப் பெரியவர்கள் இருவர் மிகப் பெரிய அளவில் கற்றார்கள். ஒருவர் பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போட முனைந்தார். மற்றொருவர் தாகித்த நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவர முனைந்தார். இருவரும் ஒன்றுக்கொன்று மாறான கட்சிகளைச் சேர்ந்தவர்கள். ஒருவருடைய முயற்சி சில ஆண்டுகளில் முறிந்தது. மற்றவருடைய முயற்சி நிலைத்தது. ஏன் அப்படி ஆயிற்று என்பதே இன்று நாம் ஆராயவிருக்கும் பொருள்.

முதலில் அந்த நகரசபையின் பிறப்பைப் பார்ப்போம். சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே மிகப் பழைமையானது. இங்கிலாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1687ஆம் ஆண்டு டிசம்பரில் அதற்குரிய சாசனம் பிறந்தது. 1688 செப்டம்பர் 29ஆம் நாள் சபை கூடிற்று. நத்தானியேல் ஹிக்கின்சன் என்பவர் முதல் மேயர் ஆனார். இதை ஏற்படுத்தும்படி தூண்டியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவர்களுள் ஒருவரான சர் ஜோசயா சைல்டு. மக்களிடம் கொண்ட அன்பினால் அவர் இதைச் செய்தார் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் கணக்கு வேறு. நாம் அதிகாரத்தால் ஆறு பென்ஸ் வரி போட்டால் மக்கள் முணுமுணுப்பார்கள். தமக்குத் தாமே வரி விதித்துக்கொள்ள விட்டால் ஐந்து ஷில்லிங்கும் மனமுவந்து கொடுப்பார்கள் என்பது அவர் கருத்து. ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். அப்படியானால் பத்து மடங்கு! வணிகருடைய மனக்கணக்கு எப்படி ஓடுகிறது பாருங்கள்.

ஆயினும் அந்தக் கணக்கினுள் ஓர் அரசியல் உண்மை அடங்கியிருக்கிறது. தாம் கொடுக்கும் காசு தம் தெருவுக்கே திரும்பி வரும் என்று கண்டால் மக்கள் வரி கொடுப்பார்கள். காணாவிட்டால் கொடுக்க மாட்டார்கள். புதிய சபை நகர மண்டபமும், சிறைச்சாலையும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கும் பள்ளிக்கூடமும் கட்டவேண்டும் என்று திட்டம் போடப்பட்டது. ஆனால் வரி கொடுக்க மக்கள் தயங்கினார்கள். எண்ணியவை எண்ணியபடி நடைபெறவில்லை. ஹிக்கின்சனும் ஆறு மாதங்களில் பதவியை விட்டு விலகினார். ஆக, புதிய மேயர், புதிய திட்டம், போதாத பணம் என்ற மூன்றும் இந்நாட்டில் முதல் மேயரோடு கூடவே பிறந்தவை.

நிற்க. இடையில் உள்ள இரு நூற்றாண்டுகளை விரைவாகக் கடந்துவிடுவோம். 1866ஆம் ஆண்டில் நம் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் நகராட்சிகள் ஆயின. 1882ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு, உள்ளாட்சி என்பது மக்களுக்கு அரசியல் கற்பிக்கும் பள்ளி என்ற கருத்தோடு தம் புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். சென்னை மாநகராட்சியின் வெண்ணிற மாளிகை 1913இல் திறக்கப்பட்டபோது அவர் பெயரையே பெற்றது. 1919ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டத்தின்கீழ் நகரசபை பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைக் கொண்டதாயிற்று. சபைக்குத் தலைவரைச் சபையே தெரிந்தெடுத்தது. ஆனால் நிர்வாகத்தை நடத்துபவர் அரசாங்கம் நியமிக்கும் கமிஷனர். மாணவர்களே, இந்த அமைப்பை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தலைவருக்கு அங்கியும் மரியாதையும் நாற்காலியும் உண்டு. அன்றாட நிர்வாகம் கமிஷனரிடம். பெருஞ்செலவுக்கும் கடனுக்கும் அனுமதி மாகாண அரசாங்கத்திடம். அங்கி ஓரிடம், திறவுகோல் வேறிடம்.

இனி, சோற்றின் கதைக்கு வருவோம்.

சர் பி. தியாகராய செட்டியார் 1852ஆம் ஆண்டு பிறந்தவர். நீதிக்கட்சியை நிறுவிய தலைவர்களுள் ஒருவர். நாற்பது ஆண்டுக் காலம் சென்னை நகரசபையில் இருந்து, அதன் ஒவ்வொரு சந்தும் சாக்கடையும் அறிந்தவர். 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றபோது, மாகாணத்தின் முதன்மை அமைச்சர் பதவியை ஏற்கும்படி கவர்னர் வெலிங்டன் பிரபு அவரைத்தான் முதலில் அழைத்தார். அவர் அதை ஏற்கவில்லை. மாகாண அமைச்சர் பதவியை மறுத்த அம்முதியவர், நகரசபைத் தலைவர் பதவியை மட்டும் விரும்பி வகித்தார்.

அவர் தலைமையில், 1920 செப்டம்பர் 16ஆம் நாள் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை ஏற்றது. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுப்பது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிடுவது என்பதே அது. ஓரணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. தீர்மானம் சிறியது. அதன் பின்னால் இருந்த கருத்தோ பெரிது. ஏழை வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் சோம்பல் அன்று, பசி. பசியைத் தணித்தால் பிள்ளை வரும் என்பதே அக்கருத்து.

பிள்ளைகள் வந்தார்களா? வந்தார்கள். திட்டம் மேலும் சில பள்ளிகளுக்கு விரிந்தது. அப்பள்ளிகளில் 1922–23ஆம் ஆண்டில் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924–25ஆம் ஆண்டில் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் இருமடங்குக்கும் மேல்! நாற்பது ஆண்டு பள்ளிகளிலே கழித்த நான் சொல்லுகிறேன்: எந்த ஆசிரியனும் தன் பேச்சுத் திறத்தால் இப்படிப் பிள்ளைகளைச் சேர்த்ததில்லை.

ஆனால் 1925ஆம் ஆண்டில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. தோல்வியுற்றதாலா? இல்லை, கணக்குத் தலைப்பினால். சிற்றுண்டிச் செலவு தொடக்கக் கல்வி நிதியிலிருந்து செய்யப்பட்டது. அந்த நிதி கல்விக்கென்று ஒதுக்கப்பட்டது; பிள்ளைகளுக்கு உணவளிப்பது கல்வி ஆகாது; ஆகவே இச்செலவை அனுமதிக்க முடியாது என்பது அரசாங்கத்தின் நிலை. அதே ஆண்டில் தியாகராயரும் மறைந்தார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அப்போது மாகாணத்தில் அமைச்சரவை நடத்தியது அவருடைய நீதிக்கட்சிதானே? ஆம். பனகல் அரசர் முதன்மை அமைச்சராக இருந்தார். ஆனால் அது இரட்டையாட்சிக் காலம். கல்வியும் உள்ளாட்சியும் அமைச்சர்களிடம் இருந்தன; நிதி மட்டும் கவர்னரின் நிர்வாக சபையிடம் இருந்தது. கோட்டையிலும் நம் கட்சி, நகரசபையிலும் நம் கட்சி என்று இருந்தாலும், பணப்பெட்டியின் திறவுகோல் அதனால் தானாக நம் கைக்கு வந்துவிடாது. அரசியல் படிக்கும் இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டிய செய்தி இது.

சிற்றுண்டிச் செலவை மறுத்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டால் வரலாறு எளிதாக முடிந்துவிடும். ஆனால் அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஒரு நிதிக்கென்று வாங்கிய வரியை மற்றொன்றுக்குச் செலவிட விட்டால், நாளைக்கு அதே கல்வி நிதியை எடுத்து யாரேனும் விருந்து மண்டபம் கட்டக்கூடும். விதி காவல்காரனைப் போன்றது. திருடனையும் தடுக்கும், சில வேளை பிள்ளைக்குச் சோறு கொண்டுவரும் தாயையும் தடுத்துவிடும். அதற்காகக் காவலை எடுத்துவிடக் கூடாது. தாய்க்கென்று ஒரு வாயிலை முறையாகத் திறக்க வேண்டும். அந்த வாயில்தான் கணக்குத் தலைப்பு. தியாகராயரின் திட்டத்துக்கு அத்தகைய தனி வாயில் அமையவில்லை.

கடல் கடந்த நாட்டிலும் இதே போராட்டம் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்காம் என்னும் தொழில் நகருக்கு 1873இல் மேயரானவர் ஜோசப் சேம்பர்லேன். இரும்புத் திருகாணி வாணிகம் செய்து பொருளீட்டியவர், கணக்கில் வல்லவர். நகருக்கு எரிவாயு வழங்கிய தனியார் கம்பெனிகளையும், தண்ணீர் வழங்கிய கம்பெனியையும் நகரசபையே விலைக்கு வாங்கிவிட வேண்டும் என்றார். நகரம் கடனில் மூழ்கிவிடும் என்று பலர் அஞ்சினார்கள். அவர் இரண்டுக்கும் இரண்டு நீதி வகுத்தார். எரிவாயுவை இலாபத்துக்கு விற்கலாம். அந்த இலாபம் வரிச்சுமையைக் குறைக்கும். தண்ணீரிலோ இலாபம் தேடக் கூடாது. ஏனெனில் அது நகரத்தின் உயிர். இவ்வாறு ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வருவாயைக் காட்டி, நாடாளுமன்றத்தில் சட்டமும் பெற்று, மூன்றே ஆண்டுகளில் அவர் நகரை மாற்றினார். நல்லெண்ணத்தோடு நில்லாமல், அதற்குக் கணக்கில் இடம் தேடிக் கொடுத்தார் என்பதே அவர் பெருமை.

இந்நாட்டிலும் விடுதலை வீரர்கள் பலர் நகரசபைகளிலேதான் ஆட்சிக் கலையைப் பயின்றார்கள். ராஜாஜி 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார். 1924ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சித்தரஞ்சன் தாஸ் மேயர். ஆமதாபாத்தில் வல்லபாய் படேல் தலைவர். அலகாபாத்தில் ஜவகர்லால் நேரு தலைவர். பிற்காலத்தில் ஒரு நாட்டையே நடத்தியவர்கள், முதலில் குப்பை வண்டிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் கணக்குப் பார்த்தார்கள்.

இனி, தண்ணீரின் கதையைப் பார்ப்போம்.

சென்னை நகரத் தலைவருக்கு 1933ஆம் ஆண்டில் மீண்டும் மேயர் என்ற பெயர் வந்தது. ராஜா சர் முத்தையா செட்டியார் அவ்வரிசையில் முதல் மேயர். மேயரின் காலம் ஓராண்டுதான். ஓராண்டில் ஒருவர் என்ன செய்துவிட முடியும்? வரவேற்பு வாங்கி, அங்கி அணிந்து, புகைப்படம் எடுத்துக்கொள்வதற்குள் ஆண்டு முடிந்துவிடும்! அந்த ஓராண்டு நாற்காலிக்கு 1939ஆம் ஆண்டில் வந்தவர் எஸ். சத்தியமூர்த்தி.

அவர் 1887இல் திருமயத்தில் பிறந்தவர், வழக்கறிஞர், காங்கிரஸ் பேரியக்கத்தின் பெரும் பேச்சாளர். தில்லியில் மத்திய சட்டசபையில் அவர் கேள்வி கேட்க எழுந்தால், சர்க்கார் பக்கத்து உறுப்பினர்கள் ஆயத்தமாக இருந்தாக வேண்டும். ஆனால் அவர் மேயரான வேளை மிகக் கெட்ட வேளை. அவருக்கு முன் நின்ற தடைகளை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சம். சென்னைக்கு 1872 முதல் செங்குன்றம் ஏரியிலிருந்து தண்ணீர் வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் அமைந்தது. ஆனால் மக்கள் தொகை பெருகிக்கொண்டே போயிற்று. 1931ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 6.5 லட்சமாக இருந்தது, 1941இல் ஏறத்தாழ 7.8 லட்சம் ஆயிற்று. வானமும் பொய்த்தால் குழாய் வறண்டுவிடும்.

இரண்டாவது, போர். 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அரசாங்கத்தின் பணமும் சிந்தையும் போரின் பக்கம் திரும்பின. அத்தகைய காலத்தில் பெரிய அணை ஒன்றைக் கட்டுவோம் என்று கேட்பவரை யார் பொருட்படுத்துவார்?

மூன்றாவது, அரசியல். மக்களைக் கேளாமல் இந்தியாவைப் போரில் இழுத்ததை எதிர்த்து, 1939 அக்டோபரில் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை பதவி துறந்தது. மாகாணம் கவர்னரின் நேர் ஆட்சிக்குள் வந்தது. ஆகவே, காங்கிரஸ் மேயர் தம் நகரத்துக்கு வேண்டியதைக் கேட்க வேண்டுமானால், தம் இயக்கம் எந்த ஆட்சியோடு போராடியதோ அந்த ஆட்சியின் கவர்னரிடமே செல்ல வேண்டும்!

நான்காவது, அவருடைய சொந்தக் கட்சியின் நிலை. தமிழ்நாட்டுக் காங்கிரசில் ராஜாஜியின் அணி என்றும் சத்தியமூர்த்தியின் அணி என்றும் இரு பிரிவுகள் இருந்தன. 1937இல் அமைந்த அமைச்சரவையில் சத்தியமூர்த்திக்கு இடம் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர் கவர்னரோடு நெருங்கிப் பேசினால், தோழர்கள் சிலர் புருவத்தை உயர்த்தினாலும் வியப்பில்லை.

இந்நிலையில் அவர் என்ன செய்தார்? கொள்கையையும் விடவில்லை, தண்ணீரையும் விடவில்லை. கொசஸ்தலையாற்றின் குறுக்கே, நகருக்கு மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பூண்டியில் ஒரு நீர்த்தேக்கம் வேண்டும் என்று வாதாடினார். பலகாலும் வற்புறுத்தினார். அரசாங்கத்தை இணங்கச் செய்தார். 1940ஆம் ஆண்டில், அவருடைய மேயர் காலத்துக்குள்ளேயே, கவர்னர் சர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு எழுதப்பட்டு, தலைப்பு ஒதுக்கப்பட்டு, வேலை தொடங்கிவிட்டது. இனி மேயர் மாறினாலும் அணை நிற்காது.

அவருடைய அறிவு நுட்பம் இதில்தான் விளங்குகிறது. ஓராண்டில் அணை கட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஓராண்டில் செய்யக்கூடியது ஒன்றே: வேலையைத் திரும்பப் பெற முடியாத இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவது. அதைச் செய்தார்.

பின்பு அவர் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டுப் போராட்டத்தில் மீண்டும் சிறைப்பட்டார். நடு இந்தியாவில் அமராவதிச் சிறையில் இருந்தபோது உடல்நிலை கெட்டது. 1943 மார்ச் 28ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். பூண்டி நீர்த்தேக்கம் மறு ஆண்டு, 1944இல் முடிவடைந்தது. செலவு ஏறத்தாழ 65 லட்சம் ரூபாய். அதில் நீர் நிறைந்ததை அவர் காணவில்லை. எந்த ஆட்சியோடு பேசித் தண்ணீருக்கு வழி செய்தாரோ அந்த ஆட்சியின் சிறையிலே தம் உடல்நலத்தை இழந்தார். இவ்விரண்டையும் ஒரே மனிதர் செய்தார் என்பதை எண்ணும்போது என் நெஞ்சம் கனக்கிறது. பிற்காலத்தில் அந்நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்ற பெயர் சூட்டப்பட்டது. 1983இல் ஆந்திர மாநிலத்தோடு செய்த உடன்படிக்கையின்படி 1996ஆம் ஆண்டில் கிருஷ்ணா நதியின் நீர் சென்னைக்கு வந்தபோது, அந்த நீரை முதலில் வாங்கி வைத்துக்கொண்டதும் பூண்டியே.

இப்போது இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். சிற்றுண்டி ஏன் நின்றது? பூண்டி ஏன் நிலைத்தது? சோறு ஆண்டுதோறும் செய்யவேண்டிய செலவு. நிர்வாகத்தார் இதை வருவாய்க் கணக்கு என்பர். ஆண்டுதோறும் வருவாய் வந்தால்தான் அது நடக்கும்; ஓர் ஆண்டில் யாரேனும் பேனாவால் ஒரு கோடு கிழித்தால் நின்றுவிடும். அணை ஒருமுறை செய்யும் செலவு. இதை மூலதனக் கணக்கு என்பர். கடன் வாங்கியேனும் கட்டலாம். கட்டியது பல தலைமுறைக்கு உதவும். ஆகவே அணை கட்டுவது கடினம், காப்பது எளிது. சோறு தொடங்குவது எளிது, காப்பது கடினம்.

இவ்விரு கணக்கையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் நகரமே சாட்சி. 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆபிரகாம் பீம் என்பவர் அங்கே மேயரானார். அவர் கணக்கியல் கற்றவர். அந்நகரின் தலைமைக் கணக்கதிகாரியாகவும் இருந்தவர். ஆனால் அந்நகரம் பல ஆண்டுகளாக அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் பழக்கத்தில் விழுந்திருந்தது. 1975இல் கடன் கொடுப்பார் இல்லாமற்போயிற்று. ஊழியர் பல்லாயிரவர் வேலை இழந்தனர். மாநில அரசு ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தை ஏற்படுத்தி, நகரத்தின் நிதியை அதனிடம் ஒப்படைத்தது. உலகின் மிகச் செல்வமுள்ள நகரத்து மேயருக்கும் அங்கிதான் எஞ்சியது, திறவுகோல் போய்விட்டது.

தியாகராயரின் சோறு என்றென்றைக்குமாக நின்றுவிட்டதா? இல்லை. இங்கேதான் வரலாறு ஓர் அழகிய வேலை செய்கிறது. சத்தியமூர்த்தியின் அரசியல் மாணவர் யார் தெரியுமா? காமராசர். 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைமைக்குக் காமராசரை நிறுத்தி வெற்றிபெறச் செய்தவர் சத்தியமூர்த்தியே. அந்தக் காமராசர் முதலமைச்சராகி, 1956ஆம் ஆண்டில் பள்ளிகளில் பகலுணவுத் திட்டத்தை மாநிலம் முழுதும் கொண்டுவந்தார். நீதிக்கட்சித் தலைவர் நட்ட விதை, காங்கிரஸ் மேயரின் மாணவர் கையில் மரமாயிற்று. இம்முறை அதற்கு மாநிலத்தின் வரவு செலவுத் திட்டத்திலேயே இடம் கிடைத்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் காலை உணவுத் திட்டம் வந்தது. அதற்கான அரசாணையில் 1920ஆம் ஆண்டின் அந்த ஓரணாத் தீர்மானமும் நினைவுகூரப்பட்டது. ஆட்சிகள் பல மாறின, சோறு நிற்கவில்லை. தலைப்பு கிடைத்துவிட்டது அல்லவா? நானும் 1960களில், எங்கள் ஊர்ப் பள்ளியில் அந்தப் பகலுணவுக்குத் தட்டேந்தி வரிசையில் நின்றவன்தான். அதை ஏந்தாதிருந்தால் இன்று உங்கள் முன் பேசியிருக்க மாட்டேன்.

அங்கிக்கும் திறவுகோலுக்கும் உள்ள போராட்டம் பிற்காலத்திலும் ஓயவில்லை. சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. 1996 வரை இருபத்து மூன்று ஆண்டுகள் அந்நகருக்கு மேயரே இல்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு உறுதியான நிலை தந்தது. மாநில நிதி ஆணையங்களையும் ஏற்படுத்தியது. நம் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் முதலியவற்றைச் சேர்த்து 1994இல் மாநகராட்சி ஆயிற்று. மேயரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்ற முறையும் மாறி மாறி வந்தது. 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மக்கள் நேரே தேர்ந்தெடுத்தனர். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தனர்.

2016இல் பதவிக்காலம் முடிந்த பிறகு, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நம் மாநகராட்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றி இருந்தன. 2022 மார்ச்சில் 28 வயதே நிறைந்த ஆர். பிரியா சென்னையின் மேயரானார். அடுத்த மாதமே புதிய மன்றம் தன் முதல் வரவு செலவுத் திட்டத்தை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வாண்டே மாநிலத்தில் சொத்து வரியும் உயர்த்தப்பட்டது. வந்தவுடன் வரியுயர்வுக்கு விடை சொல்லவேண்டிய நிலை புதிய மேயர்களுக்கு ஏற்பட்டது. திருநெல்வேலியில் நடந்ததும் நினைக்கத்தக்கது. 2022இல் பொறுப்பேற்ற மேயர்மேல் 2024 ஜனவரியில் கவுன்சிலர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தனர். வாக்கெடுப்பு நாளன்று எவரும் வராமையால் தீர்மானம் விழுந்தது. ஆயினும் அவ்வாண்டு ஜூலையில் அவர் பதவி விலகினார். ஆகஸ்டில் புதிய மேயர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கவுன்சிலர்களால் தேர்ந்தெடுக்கப்படும் மேயர், ஒவ்வொரு நாளும் அவர்களுடைய இணக்கத்தின் மேலேதான் நிற்கிறார். மேலே மாநில அரசு, அருகே ஆணையர், எதிரே மன்றம், கீழே மக்கள்; நால்வரும் இணங்கினால்தான் ஒரு தெருவிளக்கு எரியும்.

மாணவர்களே! நகரத்தின் வரவு செலவுத் திட்டத்தை அலுப்பூட்டும் எண்களின் பட்டியல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு நகரம் தன் பிள்ளைகளுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறது என்பதைத் தானே எழுதிக் கையெழுத்திடும் ஏடு அது. மேடையில் சொன்னது மறக்கப்படலாம். ஏட்டில் எழுதியது நிற்கும்.

உங்களுள் சிலர் பிற்காலத்தில் கவுன்சிலர் ஆகலாம், மேயரும் ஆகலாம். எல்லோரும் குடிமக்கள் ஆவது மட்டும் உறுதி. ஆகவே ஒரு சிறு வேலை தருகிறேன். கிராமத்தில் இருப்போர், மே முதல் நாளிலும் ஆகஸ்டு 15ஆம் நாளிலும் கிராம சபை கூடும்போது சென்று அமருங்கள். நகரத்தில் இருப்போர் உங்கள் வார்டு கவுன்சிலரை அணுகுங்கள். அடுத்த ஆண்டு மதிப்பீடு எப்போது தயாராகிறது என்று கேளுங்கள். அதில் உங்கள் பள்ளியின் தண்ணீர்த் தொட்டிக்குத் தலைப்பு உண்டா என்று பாருங்கள். இல்லையானால், மதிப்பீடு முடிவதற்கு முன்னரே மனுக் கொடுங்கள். நான் ஓராண்டு தாமதித்தேன். அந்த ஓராண்டுத் தண்ணீரைப் பிள்ளைகள் சுமந்தார்கள். நீங்கள் தாமதிக்க வேண்டாம்.